முதலில் ஆட விடுங்கள்



உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அண்மையில் எமக்கு ஒரு மடல் வரைந்திருந்தார். "பள்ளியில் ஹாக்கி மட்டைகள் இருக்கின்றன, சுவாமி. மைதானமும் இருக்கின்றது. பிள்ளைகளுக்கு ஆர்வந்தான் இல்லை. கிரிக்கெட் என்றால் ஓடி வருகின்றனர். ஹாக்கி என்றால் நழுவிவிடுகின்றனர். இவர்களுக்கு ஆர்வமூட்டுவது எப்படி?" என்பது அவர் வினா.

இவ்வினா ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. பெற்றோராகிய உங்களுக்கும், பள்ளிகளை நடத்தும் எம்மைப் போன்ற குருக்களுக்கும் இதில் பங்குண்டு. ஆகவே இத்திங்கள் இதனையே எடுத்துக்கொள்கிறோம்.

நான்கு வயதுக் குழந்தையின் கையில் ஒரு கம்பைக் கொடுத்து, அதன் காலடியில் ஒரு பந்தை உருட்டி விட்டுப் பாருங்கள். யாரும் சொல்லிக் கொடாமலே அது பந்தைத் தட்டும், பந்து ஓடினால் பின்னாலேயே ஓடும், மீண்டும் தட்டும். தட்டுவதிலும் துரத்துவதிலும் உள்ள இன்பத்தை இயற்கையே பிள்ளைக்குள் வைத்திருக்கின்றது. அவ்வின்பம் பத்து வயதுக்குள் அணைந்து போகிறதென்றால், அதை அணைத்தவர் யார் என்று பெரியவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாற்பது பேரும் பதினொருவரும்

நம் பள்ளிகளில் வழக்கமாக நடப்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களில் குறுவட்டப் போட்டிகளுக்கான அறிவிப்பு வருகின்றது. உடனே அணி வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார். ஓட்டத்தில் வல்லவர்கள், உடற்கட்டு உள்ளவர்கள், அண்ணன்மாரிடம் ஓரளவு ஆடப் பழகியவர்கள் எனப் பதினைந்து பதினாறு பேரைப் பொறுக்கி எடுக்கிறார். அவர்களுக்கு மட்டை கிடைக்கின்றது; மாலைப் பயிற்சி கிடைக்கின்றது; சீருடையும் கிடைக்கின்றது. எஞ்சிய நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மட்டைகள் இருக்கும் அறையின் பூட்டு மட்டுமே தெரியும். போட்டியில் முதற்சுற்றிலேயே தோற்றுத் திரும்பினால், அப்பதினைந்து பேருக்கும் அந்த ஆண்டின் ஹாக்கி முடிந்துவிடுகின்றது.

இங்கே நாம் காணும் முறை யாது? முதலில் தேர்ந்தெடுத்தல், அடுத்துக் கற்பித்தல், கடைசியில், நேரமிருந்தால், ஆட விடுதல். இம்முறை தலைகீழானது. உழாத நிலத்தில் அறுவடைக்கு அரிவாள் தீட்டுவதை ஒத்தது.

ஆசிரியரை நாம் குறை கூறவில்லை. பல பள்ளிகளில் ஒரே உடற்கல்வி ஆசிரியர் பல நூறு மாணவரைக் கவனிக்கிறார். அவருக்கென்று ஒதுக்கிய பாடவேளையையும் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கேட்டு வாங்கிக்கொள்கின்றனர். தலைமையாசிரியர் கேட்பதோ கேடயம். எனினும் முறை தலைகீழாய் இருக்கும்வரை ஆர்வம் பிறக்காது என்பதை மறுக்க இயலாது.

முறை நேராக அமைந்த ஓரிடத்தை இனிக் காண்போம்.

ஆட்டுக்கிடாய்ப் பந்தயங்கள்

ஜார்க்கண்ட் மாநிலத்தில் சிம்டேகா என்றொரு மாவட்டம்; அதனை அடுத்து ஒடிசாவில் சுந்தர்கர் என்றொரு மாவட்டம். காடும் மேடும் வானம் பார்த்த நெல்வயலுமான பூமி. முண்டா, ஓராவோன், காடியா முதலிய பழங்குடி மக்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்களுள் கத்தோலிக்கர் மிகுதி. பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரவரான தந்தை கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-இல் சோட்டா நாகபுரிக்கு வந்து அம்மக்களிடையே பணியாற்றிய வரலாற்றைக் குருமடத்தில் பயின்றோர் அறிவர். மிஷனரிமாரின் பள்ளிகள் வழியாகவே ஹாக்கி அவ்வூர்களுக்குள் நுழைந்தது என்பர். ஆனால் அது அங்கே வேரூன்றியதற்குக் காரணம் பள்ளி மட்டுமன்று.

அங்குள்ள சிற்றூர்ப் பிள்ளைகள் கடையில் விற்கும் மட்டைக்காகக் காத்திருந்ததில்லை. மூங்கிலையோ வளைந்த மரக்கிளையையோ வெட்டி, நுனியைச் சீவி, மட்டையாக்கிக் கொண்டனர். வெறுங்காலோடு, அறுவடை முடிந்த வயலிலும் ஊர்ப் பொட்டலிலும் ஆடினர். ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். வெற்றி பெற்ற அணிக்குப் பரிசு ஓர் ஆட்டுக்கிடாய். 'கஸ்ஸி' என்பது கிடாய்க்கு அம்மக்கள் வழங்கும் பெயர். ஆதலால் அப்போட்டிகளுக்கே 'கஸ்ஸிப் பந்தயம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சிறிய போட்டியானால் பரிசு கோழி. வென்றவர்கள் கிடாயைத் தோளில் சுமந்து ஊருக்குக் கொண்டுவர, அது ஊர்விருந்தாகிவிடும்.

வெள்ளிக் கோப்பை அலமாரியில் ஏறிப் பூட்டிக்கொள்ளும். கிடாயோ எல்லாருடைய இலைக்கும் வரும். ஆடியவன் வீடும், ஆடாதவன் வீடும், கோட்டருகே நின்று கூவிய பாட்டியும் அவ்வெற்றியில் உண்மையாகவே பங்கு பெறுகின்றனர். இத்தகைய ஊரில் வளரும் சிறுவனுக்கு யார் ஆர்வமூட்ட வேண்டும்? அவன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே பெரியவர்கள் ஆடுவதைப் பார்க்கிறான்; தனக்கும் ஒரு கம்பு தேடிக்கொள்கிறான். முதலில் ஆடுகிறான். பிறகு பள்ளியிலோ விளையாட்டு விடுதியிலோ கற்கிறான். அதன்பின்னரே, பல்லாயிரவருள் ஒருவனாக, தேர்ந்தெடுக்கப்படுகிறான்.

விளைவைச் சற்றுப் பாருங்கள். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாக ஹாக்கித் தங்கம் வென்றபோது அணிக்குத் தலைவராய்ச் சென்றவர் ஜெய்பால் சிங் முண்டா; இதே சோட்டா நாகபுரியின் குந்திப் பகுதியில் பிறந்த பழங்குடி மகன். பிற்காலத்தில் நம் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடியினருக்காகக் குரல் கொடுத்தவரும் அவரே. சிம்டேகா மண்ணின் மைக்கேல் கிண்டோ, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற அணியிலும், 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற அணியிலும் தற்காப்பு வீரராய் ஆடினார். சுந்தர்கரின் சௌனமாரா என்னும் சிற்றூரில் பிறந்த திலீப் திர்க்கி 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடினார். 2022-இல் ஹாக்கி இந்தியா அமைப்பின் தலைவரானார். நாற்பத்தோராண்டு இடைவெளிக்குப் பின், 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா மீண்டும் பதக்கம் பெற்ற அணியிலும் சுந்தர்கரின் பிரேந்திர லாக்ரா, அமித் ரோகிதாஸ் இருவரும் இருந்தனர். அதே ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற மகளிர் அணியில் ஆடிய சிம்டேகாப் பெண் சலீமா டெட்டே, 2024-இல் இந்திய மகளிர் அணியின் தலைவியானார்.

நமக்கும் அவர்களுக்கும் ஓர் இனிய தொடர்பு உண்டு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா எட்டாவது தங்கத்தைப் பெற்றபோது, அணித்தலைவர் நம் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன். அவ்வணியில் சிம்டேகாவின் சில்வானுஸ் டுங்டுங்கும் ஒருவர்.

இதில் மறைக்கக் கூடாத ஒன்றும் உள்ளது. அம்மக்களை ஹாக்கியோடு பிணைத்தது மகிழ்ச்சி மட்டுமன்று, வறுமையும்தான். இரயில்வேயிலும் இராணுவத்திலும் காவல்துறையிலும் வேலைக்கு ஒரு வாயிலாக அது இருந்தது. ஒரு கிண்டோவுக்குப் பின்னால் பெயரறியாத ஆயிரம் பேர் மட்டையை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தனர். ஆகவே "ஹாக்கி ஆடினால் வேலை கிடைக்கும்" என்று நாம் எவருக்கும் வாக்களிக்கவில்லை. ஆர்வம் எப்படிப் பிறக்கின்றது என்பதையே அவர்களிடம் கற்கிறோம்.

நம் மண்ணில்

"அது காட்டுப் பகுதி, நம் ஊருக்குப் பொருந்துமா?" என்பீர்கள். கோவில்பட்டியைப் பாருங்கள். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அந்தக் கரிசல் ஊர், ஹாக்கிக்கும் பெயர்பெற்றது. இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்காக நாட்டின் பெரிய அணிகள் அங்கே வந்து ஆடுகின்றன. மிட்டாய்க் கடைக்காரரும் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளரும் நின்று பார்க்கின்றனர். அவர்கள் தோளிலும் இடுப்பிலும் பிள்ளைகள். அவ்வூரின் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து அங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும், 2022-இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினர். இருவரும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள்.

இன்னொரு தமிழ்ப் பிள்ளையின் கதையும் பெற்றோர் அறியவேண்டியது. தன்ராஜ் பிள்ளை பிறந்தது புனே நகரை அடுத்த கட்கியில். படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வாழ்ந்த ஏழைத் தமிழ்க் குடும்பம். புதுமட்டை வாங்க வழியில்லை. பிறர் கழித்துவிட்ட உடைந்த மட்டைகளையும் தேய்ந்த பந்துகளையும் கொண்டு அவரும் உடன்பிறந்தாரும் ஆடிப் பழகினர். "ஆடாதே" என்று தடுக்காமல் "போய் ஆடு" என்று அனுப்பியவர் அவருடைய தாய். அச்சிறுவன் பின்னாளில் நான்கு ஒலிம்பிக்குகளிலும் நான்கு உலகக் கோப்பைகளிலும் ஆடினான். 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது அணித்தலைவனாய் நின்றான்.

சிம்டேகா, கோவில்பட்டி, கட்கி மூன்றிலும் பொதுவாய் உள்ளவை இரண்டே. பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் ஏதோ ஒரு மட்டை; பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஆடுகின்ற பெரியவர்கள். பணம் அதற்குப் பின்னரே வருகின்றது. பணம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தபோது, புல்லிலும் மண்ணிலும் பழகிய இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. உயர்நிலை ஆட்டத்துக்கு இன்று அத்தரை இன்றியமையாதது. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை மட்டையைப் பிடிக்கப் பழகுவதற்குச் செம்மண் தரையே போதும்.

எப்படித் தொடங்குவது?

ஹாக்கி தொடக்கத்தில் கடினமான ஆட்டம் என்பதை முதலில் ஒத்துக்கொள்வோம். குனிந்து ஓட வேண்டும். மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். உருண்டையான முதுகுப் பக்கம் படக் கூடாது. காலில் பட்டாலும் தவறு. இடக்கை மேலே இருந்து மட்டையைத் திருப்ப, வலக்கை கீழே தாங்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இது விந்தையாய் இருக்கும். இடக்கைக்காரருக்கென்று தனி மட்டையும் கிடையாது. கிரிக்கெட்டில் முதல் நாளே மட்டையைச் சுழற்றி ஒரு முறையேனும் பந்தை விரட்டிவிடலாம். ஹாக்கியில் முதல் வாரம் முழுவதும் பந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அந்த முதல் வாரத்தில்தான் பிள்ளைகள் நழுவுகின்றனர். அவ்வாரத்தைக் கடக்க உதவினால் போதும்.

முதலாவது, மட்டையின் அளவு. பல பள்ளிகளில் இருப்பவை பெரியவர்களுக்குரிய 36, 37 அங்குல மட்டைகள். அதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுப்பது, தந்தையின் செருப்பை மாட்டி ஓடச் சொல்வது போன்றது. மட்டையைத் தரையில் நிறுத்தினால் பிள்ளையின் இடுப்பெலும்பு அளவுக்கு வந்தால் போதும். நீண்டிருந்தால் தச்சரிடம் கொடுத்துப் பிடிப்பக்கத்தைக் குறைத்து, துணியோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பந்து. முறையான ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடையுள்ளது; கல் போன்றது. கணைக்காலில் ஒருமுறை பட்டால் பிள்ளை மறுநாள் வரமாட்டான்; அவன் தாயும் விடமாட்டாள். தொடக்கத்தில் டென்னிஸ் பந்தே நன்று. கெட்டிப் பந்துக்கு மாறும் நாளில் கணைக்கால் காப்பு கட்டாயம்.

மூன்றாவது, ஆடுகளம். முழு ஆடுகளம் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. அதில் பக்கத்துக்குப் பதினொருவராக, ஒரே பந்தோடு சிறுவரை விட்டால் ஐந்தாறு பேர் ஆடுவர். மற்றவர் நின்று வேடிக்கை பார்ப்பர். ஆகவே களத்தைச் சுருக்குங்கள். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள கைப்பந்துத் திடலில் வலையை அவிழ்த்துவிட்டால், பக்கத்துக்கு நால்வர் ஆட ஏற்ற களம் ஆயத்தம். இரு முனையிலும் இரண்டிரண்டு புத்தகப் பைகளை வைத்தால் அதுவே இலக்கு. பக்கத்துக்கு ஐவர் ஆடும் ஹாக்கியை இன்று உலக அமைப்பே நடத்துகின்றது; 2014 இளையோர் ஒலிம்பிக்கில் அம்முறையிலேயே போட்டி நடந்தது. ஆதலால் சிறு களத்தில் ஆடுவதை எவரும் இழிவாக எண்ண வேண்டியதில்லை.

நான்காவது, நேரப் பங்கீடு. வகுப்பில் 40 பேர், பள்ளியில் 16 மட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். எட்டெட்டுப் பேராக ஐந்து குழு அமையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு சிறு களங்களில் இரண்டு குழுக்கள் ஆடட்டும். மற்ற மூன்று குழுக்கள் தொடரோட்டம், பந்து பொறுக்குதல், கோல் கணக்கெழுதுதல் என்று ஈடுபடட்டும். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் 35 நிமிடத்தில் ஐந்து சுற்றுகள். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு சுற்று. ஆக நாற்பது பேரில் ஒவ்வொருவரும் பதினான்கு நிமிடம் மெய்யாகவே ஆடியிருப்பர். வரிசையில் நின்று தன் முறைக்காக ஏங்குவதைவிட ஆர்வத்தைக் கொல்வது வேறில்லை.

ஐந்தாவது, விதிகள். முதல் மாதத்துக்கு இரண்டே விதிகள் போதும்: மட்டை முழங்காலுக்கு மேல் உயரக் கூடாது, பந்தை ஓங்கி அடியாமல் தள்ள வேண்டும். தள்ளத் தெரிந்தவனுக்கு அடிக்கத் தானே வரும். அடிக்க மட்டும் தெரிந்தவன் அருகில் நிற்பவனுக்கு ஆபத்து. ஆட்டத்துக்கு முன் எல்லாரும் சேர்ந்து களத்திலுள்ள கல்லைப் பொறுக்கட்டும். தாம் பொறுக்கிய தரையில் ஆடும்போது அது தம்முடைய தரையாகிவிடும்.

ஆறாவது, தேர்வு. எட்டாம் வகுப்பு வரையேனும் "நல்லவன், ஆகாதவன்" என்று பிரிக்காதீர்கள். பத்து வயதில் குள்ளமாய், மந்தமாய் இருப்பவன் பதினான்கு வயதில் எப்படி மலர்வான் என்பதை யார் அறிவார்? குறுவட்டப் போட்டிக்கு அணி அனுப்பத்தான் வேண்டும், அனுப்புங்கள். ஆனால் அணியில் இடம் பெறாத பிள்ளைகளுக்கும் மறுநாள் மாலை மட்டை கிடைக்கட்டும்.

பெண்பிள்ளைகள்

சலீமா டெட்டேயின் பெயரை மேலே கண்டோம். நம் வீடுகளில் பெண்பிள்ளை மட்டையைத் தொட்டால் என்ன கேட்கிறோம்? "வெயிலில் கறுத்துவிடுவாள்", "காலில் தழும்பு விழுந்தால் நாளைக்கு யார் கட்டுவார்?", "அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு ஊர் முன்னால் ஓடுவதா?" என்கிறோம். ஆறாம் வகுப்பில் ஓடியாடிய சிறுமி ஒன்பதாம் வகுப்பில் மைதானத்தின் ஓரத்தில் தோழியரோடு அமர்ந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். யாரும் அவளை அடித்து உட்கார வைக்கவில்லை. அவள் ஓடும்போது சிரித்த நான்கு பேரும், "பெரிய பிள்ளையாகிவிட்டாய்" என்ற ஒரு சொல்லும் போதுமாயிருந்தன.

தீர்வு எளிது. முழுக்காற்சட்டையும் தளர்ந்த சட்டையும் அணிந்து ஆடலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் தணியும். பள்ளியில் உடைமாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், தண்ணீர் வரும் கழிப்பறையும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத பள்ளியில் பெண்பிள்ளைகளின் ஆர்வத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பள்ளி நடத்தும் எம்மைப் போன்றோர் முதலில் அக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவோம்.

பத்தாம் வகுப்பு

இவையெல்லாம் அமைந்தும் ஆர்வம் அணையும் இடம் ஒன்றுண்டு. அது பத்தாம் வகுப்பு. சில வாரங்களுக்கு முன் ஒரு தந்தை எம்மிடம் வந்தார். கட்டட வேலைக்குச் செல்பவர். வந்த வழியே சுண்ணாம்புக் கையோடு நின்றார்.

"சாமி, பையன் பத்தாவது. இனிமே மட்டையைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நீங்களும் பி.டி. சார்கிட்டச் சொல்லிடுங்க."

"சொல்லலாம்ப்பா. மட்டையைப் பிடுங்கி எத்தனை நாளாச்சு?"

"பத்து நாள் இருக்கும், சாமி."

"சாயங்காலம் அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும் இப்ப என்ன செய்யறான்?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "போனைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கான் சாமி. கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறான்."

அவர் அச்சத்தை நாம் இழிவாக எண்ணவில்லை. மகன் தம்மைப் போலச் சாரத்தில் ஏறக் கூடாது என்பதற்காகச் சாரத்தில் ஏறும் மனிதர் அவர். மதிப்பெண் ஒன்றே அவருக்குத் தெரிந்த ஏணி. ஆனால் நாளுக்கு ஒரு மணி நேர ஓட்டத்தைப் பிடுங்கினால் அந்த ஒரு மணி நேரம் தானாகவே புத்தகத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. அதை அவரே தம் வாயால் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம் வியர்வை சிந்தி வந்து, குளித்து, உண்டு, பின் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கும், மாலை முழுவதும் மனம் வாடிக் கிடந்தபின் திறக்கும் பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு.

நெடுநேரம் பேசியபின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வாரத்தில் மூன்று மாலைகள், ஆறு மணி வரை. ஆறரைக்குப் புத்தகம் திறந்திருக்க வேண்டும். மட்டை வீட்டில் தந்தையின் கண்முன்னே மூலையில் நிற்கட்டும். தேர்வுக்கு முந்திய ஒரு மாதம் முழு ஓய்வு. மகனும் ஒத்துக்கொண்டான். அவன் மதிப்பெண் கூடுமா, குறையுமா என்று கேட்பீர்கள். தேர்வு இன்னும் வரவில்லை. ஆனால் அவன் இப்போது தந்தையிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டோம்.

பெற்றோர் செய்யத்தக்கவை

மட்டை பிடிக்கத் தெரியாத பெற்றோரும் பிள்ளையின் ஆர்வத்தை வளர்க்கலாம். மாதத்தில் ஒரு மாலையேனும் மைதானத்தின் ஓரத்தில் போய் நில்லுங்கள். அறிவுரை கூற வேண்டாம், நடுவரைத் திட்ட வேண்டாம், சும்மா நில்லுங்கள். வீடு திரும்பும்போது "ஜெயித்தாயா?" என்று கேட்பதற்கு முன் "நன்றாய் இருந்ததா?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை அணியில் சேர்ந்துவிட்டான் என்று ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

நல்ல ஆட்டம் ஒன்றைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் 24 நாடுகள் கலந்துகொண்ட இளையோர் உலகக் கோப்பை நம் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. பிற நாட்டு வீரர்களை நம் ஊர்ப் பிள்ளைகள் நேரில் கண்டனர். எப்போதும் உலகக் கோப்பையே வரவேண்டுமென்பதில்லை. மாவட்ட அளவிலான ஆட்டமும் போதும். பந்து மட்டையில் படும் அந்த 'டக்' என்னும் ஓசையைத் தொலைக்காட்சி முழுமையாகத் தராது. அதைக் கோட்டருகே நின்று கேட்ட பிள்ளை வீடு திரும்பியதும் துடைப்பக் கட்டையைத் தேடுவான்.

பங்கிலும் ஒன்று செய்யலாம். திருவிழாவையொட்டி அன்பியங்களுக்கிடையே பக்கத்துக்கு ஐவராகச் சிறுவர் ஹாக்கி நடத்துங்கள். ஒவ்வோர் அணியிலும் இரண்டு பெண்பிள்ளைகள் கட்டாயம் என்று வையுங்கள். வாணவேடிக்கைக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைக் குறைத்தால், சிறு மட்டைகள் சில வாங்க முடியும். அவை அடுத்த ஆண்டும் இருக்கும். பரிசாகக் கோப்பை வேண்டாம். சிம்டேகா மக்களைப் போல ஓர் ஆட்டுக்கிடாயை வையுங்கள். வென்றவர்கள் அதைப் பங்குக்கே கொண்டுவரட்டும். அன்று மாலை ஆடியோரும் ஆடாதோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணட்டும். பந்தி எழுந்தபின் பாருங்கள். அடுத்த ஆண்டு தாங்களும் ஆடுவதாக ஐந்து வயதுப் பிள்ளைகள் சண்டையிடுவர்.

அப்பிள்ளைகளுள் எவரேனும் இந்தியாவுக்கு ஆடுவரா என்பது நம் கையில் இல்லை. அது நம் கவலையாகவும் இருக்கவேண்டியதில்லை. தோற்றவனோடு கைகுலுக்கவும், தனக்குக் கிடைத்த பந்தைத் தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிடவும் கற்ற பிள்ளைகள் நூறு பேர் நம் ஊரில் வளர்ந்தால், அதுவே பெரும் பேறு. அதற்கு வேண்டியது இப்போது ஒன்றே. உங்கள் பள்ளியில் மட்டைகள் இருக்கும் அறையின் சாவி யாரிடம் உள்ளது என்று நாளைக் காலையே விசாரியுங்கள்.